74 என்ற எண்ணுக்கு எதிரே அப்பாவின் பெயர்

கேள்வி: மூன்று மாதங்களுக்கு முன் என் அப்பா காலமானார். முப்பத்து நான்கு ஆண்டுகள் காப்புரிமை வழக்கறிஞராக இருந்தவர். ஓய்வு பெற்ற பிறகும் பழைய கட்சிக்காரர்கள் சிலருக்காக வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தார். அவரோடு பணியாற்றியவர்கள் ஒரு நினைவு மலர் கொண்டுவருகிறார்கள். குடும்பத்தின் சார்பில் என்னை எழுதச் சொல்லியிருக்கிறார்கள். அவர் என்ன வேலை செய்தார் என்பதே எங்களுக்குச் சரியாகத் தெரியாது. சித்தப்பா ஒரு வரைவு எழுதிக் கொடுத்தார். 'தொழிலில் சிங்கமாகவும் குடும்பத்துக்கு ஆலமரமாகவும் விளங்கி, ஐந்நூறுக்கும் மேற்பட்ட காப்புரிமைகளைப் பெற்ற மாமேதை' என்று அது தொடங்குகிறது. படித்தால் அப்பாவைப் போலவே இல்லை. தம்பியோ, 'அப்பா வீட்டில் இருந்த நாளிலும் பாதி நேரம் இல்லாதவர்தான். அதை எழுதுவதானால் என் பெயரையும் போடு' என்கிறான். வீட்டில் இரண்டு அட்டைப்பெட்டி நிறையக் கோப்புகளும் வரிசையாகப் பழைய நாட்குறிப்புகளும் இருக்கின்றன. நாட்குறிப்புகளில் கட்சிக்காரர்களின் கோப்பு எண்களுக்கு நடுவே என் பள்ளித் தேர்வு, தம்பியின் தடுப்பூசி, அம்மாவின் கண் பரிசோதனை எல்லாம் சிவப்பு மையில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் மறுபடி குறித்திருக்கிறார். இவற்றிலிருந்து எடுத்து எழுதலாமா? அவர் எனக்கு எழுதிய ஒரு கடிதத்தையும் சேர்க்க ஆசை. ஆனால் அது பதினோரு வரிக்கு ஒரே வாக்கியமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் தந்தையின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள். நானும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இதே தொழிலில் இருப்பவன் என்பதால், நீங்கள் கேட்டவற்றோடு கேட்காத ஒன்றும் உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டுரை காத்திருக்கும், அது காத்திருக்காது.

ஓய்வுக்குப் பிறகும் அவர் சிலருக்காக வேலை பார்த்துவந்தார் என்றால், அந்த இரண்டு பெட்டிகளில் முடிந்துபோன விவகாரங்களின் தாள்களோடு இன்னும் நடப்பில் இருக்கும் விண்ணப்பங்களும் கலந்திருக்கக்கூடும். காப்புரிமைத் தொழில் தேதிகளின் மீது நடப்பது. ஒரு நாட்டில் முதல் விண்ணப்பத்தைத் தாக்கல் செய்தவர், அந்தத் தேதிக்குரிய முன்னுரிமையை இழக்காமல் பிற நாடுகளில் விண்ணப்பிக்க 12 மாத அவகாசம்தான் உண்டு என்பது பாரிஸ் உடன்படிக்கை வகுத்த முறை. பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பமாகத் தாக்கல் செய்யும் சர்வதேச விண்ணப்பம் என்ற வழியில் போயிருந்தால், நாடுதோறும் தனித்தனியே தொடர்வதற்கு அந்த முதல் தேதியிலிருந்து பொதுவாக 30 மாதங்கள் கிடைக்கும். கிடைத்துவிட்ட காப்புரிமையையும் அவ்வப்போது கட்டணம் கட்டித்தான் உயிரோடு வைத்திருக்க வேண்டும். அது தவறினால் குறைந்தது ஆறு மாதச் சலுகைக் காலம் உண்டு. 12 மாதக் கெடுவைத் தவறவிட்டவர்களுக்கு, அடுத்த இரண்டு மாதங்களுக்குள் உரிய காரணம் காட்டினால் முன்னுரிமையை மீட்டுக்கொடுக்கும் ஏற்பாடு சர்வதேச விண்ணப்ப முறையில் இருக்கிறது என்றாலும், எல்லா நாடுகளும் அதை ஏற்பதில்லை. உங்கள் அப்பா காலமாகி மூன்று மாதங்கள் ஆகிவிட்டன என்பதை இந்தக் கணக்கோடு வைத்துப் பாருங்கள்.

ஆகவே இந்த வாரமே கடைசி இரண்டு ஆண்டுகளின் நாட்குறிப்புகளை எடுத்து, வரவிருக்கும் தேதிகளில் ஏதாவது கோப்பு எண் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கோப்புகளின் உள்ளே இருப்பதைப் படிக்க வேண்டாம். அட்டையில் உள்ள கட்சிக்காரர் பெயரையும் எண்ணையும் மட்டும் ஒரு பட்டியலாக எழுதிக்கொள்ளுங்கள். நினைவு மலர் கொண்டுவருகிறவர்களில் இப்போதும் தொழிலில் இருக்கும் ஒருவரை அழைத்து, அந்தப் பட்டியலையும் நாட்குறிப்புகளையும் காட்டுங்கள். ஒவ்வொரு கட்சிக்காரருக்கும், 'அவர் காலமாகிவிட்டார். உங்கள் கோப்பு இன்னாரிடம் பத்திரமாக இருக்கிறது. யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொல்லுங்கள்' என்று எழுத்தில் தெரிவிக்கச் சொல்லுங்கள். கோப்பு கட்சிக்காரருடையது, அடுத்த வழக்கறிஞரைத் தேர்ந்தெடுப்பதும் அவருடைய உரிமை. ஒரு கெடுவையும் தவறவிடாமல் முப்பத்து நான்கு ஆண்டுகளைக் கடப்பதுதான் எங்கள் தொழிலில் ஒருவர் அடையக்கூடிய பெரிய பெயர். அவர் இல்லாத இந்த மூன்று மாதங்களில் அது கெட்டுப்போனால், எவ்வளவு நன்றாக எழுதப்பட்ட நினைவுக் கட்டுரையாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

பெட்டிகளிலிருந்து எடுத்து எழுதலாமா என்ற கேள்விக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். விண்ணப்பங்கள் பெரும்பாலான நாடுகளில் முதல் தேதியிலிருந்து 18 மாதங்கள் கழித்து வெளியிடப்படுகின்றன. அப்படி வெளிவந்தவை பொதுச் சொத்து போல. யாரும் படிக்கலாம், மேற்கோள் காட்டலாம். அதற்கு முன்பே கைவிடப்பட்டவையும், கட்சிக்காரர் கையெழுத்தில் எழுதிக் கொடுத்த குறிப்புகளும், அவர்களுக்கு உங்கள் அப்பா எழுதிய ஆலோசனைக் கடிதங்களும் அப்படியல்ல. வழக்கறிஞரிடம் சொன்ன ரகசியம் கட்சிக்காரருக்கு உரியது. வழக்கறிஞர் இறந்துவிட்டார் என்பதால் அது அவிழ்ந்துவிடாது. விண்ணப்பிக்கும் முன்னரே ஒரு கண்டுபிடிப்பு அச்சில் வந்துவிட்டால், பல நாடுகளில் அது புதுமை என்ற தகுதியையே இழந்துவிடும் ஆபத்தும் இருக்கிறது. எனவே நாட்குறிப்பின் ஒரு பக்கத்தைப் படமெடுத்து மலரில் போட நினைத்திருந்தால் தயவுசெய்து வேண்டாம். உங்கள் தேர்வுத் தேதி உங்களுடையது. அதற்கு மேல் வரியில் இருக்கும் பெயரும் எண்ணும் வேறொருவருடையவை. உங்கள் வீட்டைப் பற்றிய பதிவுகளை மட்டும் பெயர்த்தெழுதிக்கொண்டால் எந்தத் தடையும் இல்லை, அவையே போதும் என்றும் நினைக்கிறேன். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

இனி அவருடைய வேலைக்கு வருவோம். அது உங்களுக்குப் புரியாமல் போனதில் ஓரளவு நம் மொழிக்கும் பங்கு இருக்கிறது. 'காப்புரிமை ஆசிரியருக்கு' என்று புத்தகத்தின் இரண்டாம் பக்கத்தில் அச்சிடுகிறோம். ஓர் இயந்திரத்தின் மீதான பேட்டன்ட்டையும் காப்புரிமை என்றே சொல்கிறோம். எழுத்துக்குரிய பதிப்புரிமை வேறு, கண்டுபிடிப்புக்குரிய காப்புரிமை வேறு. என் உறவினர்களில் பாதிப்பேர் நான் எழுத்தாளர்களுக்கு வக்கீல் என்று இன்றும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். மறுபாதி, நீதிமன்றத்துக்குப் போகாத ஒருவன் எப்படி வக்கீலாக இருக்க முடியும் என்று சந்தேகப்படுகிறார்கள். பல நாடுகளில் அறிவியலிலோ பொறியியலிலோ பட்டம் பெற்றவர்கள்தான் இத்தொழிலுக்கான தேர்வையே எழுத முடியும். அதனால் எங்களில் பலர் ஆய்வகத்தில் தொடங்கி, வழியில் சட்டத்துக்குள் திரும்பியவர்கள். உங்கள் அப்பாவும் அப்படித்தான் வந்தாரா என்று அம்மாவைக் கேட்டுப் பாருங்கள். ஆய்வகத்தை விட்ட நாளைப் பற்றி அவரிடம் நிச்சயம் ஒரு கதை இருக்கும்.

சித்தப்பாவின் வரைவில் உடனே திருத்த வேண்டிய பிழை ஒன்று இருக்கிறது. 'ஐந்நூறு காப்புரிமைகளைப் பெற்றவர்' என்று எழுதினால் அவற்றைக் கண்டுபிடித்தவரே அவர் என்று ஆகிவிடும். அவர் பெற்றுக்கொடுத்தவர். நினைவு மலரைப் படிக்கப்போகிறவர்களில் பாதிப்பேர் இத்தொழிலில் இருப்பவர்கள் என்பதால் முதல் வரியிலேயே முகம் சுளிப்பார்கள். அதைவிட, தன் பெயருக்கு முன்னால் வேறொருவரின் கண்டுபிடிப்பு நிற்பதை உங்கள் அப்பாவே பொறுத்திருக்க மாட்டார் என்று, அவரை அறியாத நான்கூடத் துணிந்து சொல்வேன். கண்டுபிடிப்பாளர் யார் என்பதைத் தவறாகக் குறிப்பிடுவது எங்கள் தொழிலில் காப்புரிமையையே கவிழ்த்துவிடக்கூடிய குற்றம்.

அப்படியானால் அவர் செய்தது என்ன? ரைட் சகோதரர்களின் கதையில் இதற்கு நல்ல பதில் இருக்கிறது. அவர்கள் 1903 மார்ச்சில், இயந்திர விமானம் பறப்பதற்கு ஒன்பது மாதங்கள் முன்பே, தாங்களே ஒரு விண்ணப்பத்தை எழுதி அனுப்பினார்கள், அது நிராகரிக்கப்பட்டது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் ஒஹையோ மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் இருந்த ஹாரி டூல்மின் என்ற காப்புரிமை வழக்கறிஞரிடம் போனார்கள். அதற்குள் அவர்கள் எஞ்சின் பூட்டிப் பறந்தும் காட்டியிருந்தார்கள். ஆனாலும் 1906 மே 22 அன்று 821,393 என்ற எண்ணில் கிடைத்த காப்புரிமையைப் புரட்டினால் அதில் எஞ்சின் இருக்காது. காற்றில் சாயும் விமானத்தை, இறக்கைகளை முறுக்கியும் சுக்கானைத் திருப்பியும் நிமிர்த்தும் முறைதான் அதன் உயிர். உலகம் பறப்பதை வியந்துகொண்டிருந்தபோது, உண்மையில் புதிதாக இருந்தது கட்டுப்பாடுதான் என்பதைச் சொற்களில் பிடித்து நிறுத்தியது அந்த விண்ணப்பம். கண்டுபிடித்தவர்கள் சகோதரர்கள்தான், அதில் ஐயமில்லை. அவர்கள் கண்டுபிடித்தது எது என்பதை, எதிராளி நுழைய ஓட்டை இல்லாதபடி எழுதுவதற்கு வேறொரு கை வேண்டியிருந்தது. கண்டுபிடிப்பாளர் இரண்டு மணி நேரம் தன் கருவியைப் பற்றிப் பேசுவார். அதில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஏற்கெனவே உலகுக்குத் தெரிந்ததாக இருக்கும். மீதிக் கால் மணி நேரம் எங்கே ஒளிந்திருக்கிறது என்று கேட்டுக் கண்டுபிடிப்பதே உங்கள் அப்பா முப்பத்து நான்கு ஆண்டுகள் பார்த்த வேலை.

அந்த வேலையின் சலிப்பையும் மறைக்க வேண்டாம். காப்புரிமை ஆவணங்களைக் கையால் படியெடுத்து ஓய்ந்த ஒருவரின் கதையை நாங்கள் இளையவர்களுக்குச் சொல்வதுண்டு. நியூயார்க்கில் ஒரு மின்பொருள் நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் சட்டம் படித்த செஸ்டர் கார்ல்சன் என்பவருக்கு மூட்டுவலி இருந்தது; பார்வைக் குறைவும் உண்டு. விவரக்குறிப்புகளையும் வரைபடங்களையும் மீண்டும் மீண்டும் படியெடுக்க வேண்டியிருந்த துன்பத்திலிருந்துதான் உலர்முறையில் நகலெடுக்கும் எண்ணம் அவருக்குப் பிறந்தது. 1938 அக்டோபர் 22 அன்று அந்தத் தேதியையும் ஆய்வு நடந்த இடத்தின் பெயரையும் முதல் நகலாக எடுத்தார். அதற்கான காப்புரிமை 1942-இல் கிடைத்தது. அதை நம்பிப் பணம் போட ஆள் கிடைக்காமல் பல ஆண்டுகள் அலைந்தார். அலுவலகங்களில் எளிதாகப் பயன்படுத்தக்கூடிய நகல் இயந்திரம் வந்தது 1959-இல். எங்கள் தொழிலின் சலிப்பு ஒரே ஒரு முறை உலகத்துக்குப் பயன்பட்டது என்று என் மூத்த வழக்கறிஞர் கிண்டலாகச் சொல்வார். மற்ற எல்லோருக்கும் அந்தச் சலிப்பு கண்ணாடியின் பவரை ஏற்றியதோடு சரி.

கட்டுரைக்கான முதல் தடயத்தை எங்கே தேடுவது என்று இப்போது சொல்கிறேன். காப்புரிமை ஆவணத்தின் முதல் பக்கத்தில் ஒவ்வொரு விவரத்துக்கும் எதிரே அடைப்புக்குறிக்குள் ஓர் எண் இருக்கும். எந்த மொழியில் அச்சானாலும் அடையாளம் தெரிவதற்காக உலகெங்கும் பொதுவாக வைத்துக்கொண்ட எண்கள் அவை. 54 என்றால் தலைப்பு, 72 என்றால் கண்டுபிடிப்பாளர், 73 என்றால் உரிமையாளர். 74 என்ற எண்ணுக்கு எதிரே, சிறிய எழுத்தில், அந்த விண்ணப்பத்தைக் கவனித்துக்கொண்ட வழக்கறிஞரின் பெயர் இருக்கும். சில சமயம் நிறுவனத்தின் பெயர் மட்டும் இருக்கும். காப்புரிமை அலுவலகங்கள் இணையத்தில் இலவசமாகத் திறந்துவைத்திருக்கும் தேடல் பக்கங்களில் பலவற்றில் வழக்கறிஞர் பெயரை வைத்தும் தேடலாம். உங்கள் அப்பா எழுதிய பல்லாயிரம் பக்கங்களில் அவர் பெயர் தென்படும் இடம் பெரும்பாலும் அது ஒன்றுதான். உள்ளே முழுக்க அவர் தேர்ந்தெடுத்த சொற்கள். ஆனால் 'நான்' என்ற சொல் வந்தால் அது கண்டுபிடிப்பாளரைக் குறிக்கும்.

எண்ணிக்கையை விட்டுவிடுங்கள். ஐந்நூறில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். புகழ்பெற்றதாக இருக்க வேண்டியதில்லை. உங்களுக்குப் படித்தால் பாதியாவது விளங்கக்கூடிய, வீட்டில் புழங்கும் ஏதோ ஒரு பொருளைப் பற்றியதாக இருந்தால் நல்லது. 72-க்கு எதிரே இருக்கும் பெயரைப் பாருங்கள். அவரை அப்பாவின் பழைய அலுவலகம் வழியாகவே தொடர்புகொள்ளுங்கள், நேரே போக வேண்டாம். அவர் பேசச் சம்மதித்தால், 'அப்பா எப்படிப்பட்டவர்?' என்று கேட்காதீர்கள். நல்லவர், கடமை தவறாதவர் என்றுதான் பதில் வரும். 'நீங்கள் கொண்டுபோனதில் எதை அவர் வேண்டாம் என்றார்? எந்தச் சொல்லுக்காக உங்களோடு சண்டை போட்டார்?' என்று கேளுங்கள். எந்தக் கண்டுபிடிப்பாளரும் மறக்காத விஷயங்கள் இவை. என் கட்சிக்காரர் ஒருவர், 'ஏறத்தாழ' என்ற ஒரு சொல்லை எடுக்கச் சொல்லி இருபது ஆண்டுகளுக்கு முன் நான் பிடிவாதம் பிடித்ததை இன்றும் சந்திக்கும்போதெல்லாம் சொல்லிக் காட்டுகிறார்.

சிங்கம், ஆலமரம் இரண்டும் ஏன் உங்களுக்கு அப்பாவைப் போலத் தோன்றவில்லை என்பதற்கு அவருடைய தொழிலிலேயே விளக்கம் உண்டு. காப்புரிமை ஆவணத்தின் கடைசியில் உரிமைக் கோரல்கள் என்ற பகுதி இருக்கும். எதற்குப் பாதுகாப்புக் கேட்கிறோம் என்பதை அங்கேதான் வரையறுக்கிறோம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் செய்யும் தவறு, முடிந்தவரை அகலமாகக் கோருவது. 'நடப்பதற்கு உதவும் ஒரு கருவி' என்று கோரினால் உலகத்தில் உள்ள எல்லாக் கைத்தடிகளும் சக்கர நாற்காலிகளும் நமக்குச் சொந்தமாகிவிடும் என்று நினைப்பார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் காப்புரிமை அலுவலக ஆய்வாளரோ, இது ஆயிரம் ஆண்டுகளாக இருப்பதாயிற்றே என்று ஒரே வரியில் தள்ளிவிடுவார். ஒவ்வொரு விவரத்தைச் சேர்க்கச் சேர்க்கக் கோரல் குறுகும், குறுகக் குறுக உறுதிப்படும். கடைசியில் அந்த ஒரு பொருளைத் தவிர வேறு எதற்கும் பொருந்தாத ஒரு வாக்கியம் நிற்கும். 'குடும்பத்துக்கு ஆலமரம்' என்பது அகலமான கோரல். எந்த வீட்டில் எந்தப் பெரியவர் இறந்தாலும் அதே மரத்தைத்தான் நடுகிறோம். சித்தப்பாவின் அன்பில் குறை இல்லை. அவர் தேர்ந்தெடுத்த சொற்கள் வேறு எவருக்கும் பொருந்திவிடுகின்றன, அவ்வளவுதான். அந்த வரைவைக் கிழித்துப் போடாமல், அவரோடு உட்கார்ந்து, 'ஆலமரம் என்று எழுதும்போது எந்த நாளை நினைத்துக்கொண்டீர்கள்?' என்று கேளுங்கள். அந்த நாளைத்தான் அவர் எழுதியிருக்க வேண்டும்.

எனக்கும் இதில் ஓர் அனுபவம் உண்டு, பெருமைப்படக்கூடியதல்ல. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த மூத்தவர் மறைந்தபோது நினைவுக் கூட்டத்தில் பேசும் பொறுப்பு எனக்கு வந்தது. எத்தனை விண்ணப்பங்கள், எத்தனை நாடுகள், எத்தனை மேல்முறையீடுகள் என்று பட்டியலிட்டுப் பேசிவிட்டு இறங்கினேன். அவருடைய மனைவி கைகுலுக்கி நன்றி சொல்லிவிட்டு, 'நீங்கள் பேசியது அலுவலகத்தைப் பற்றி' என்றார். அவர் குறையாகச் சொல்லவில்லை. பிறகு வெகுநேரம் யோசித்துப் பார்த்ததில், அந்த மனிதர் ஒவ்வொரு வரைவையும் எங்களுக்குத் திருப்பித் தரும்போது சிவப்புத் திருத்தங்களுக்கு நடுவே நன்றாக வந்த ஒரு சொல்லுக்குக் கீழே மட்டும் பென்சிலால் மெல்லிய கோடு போடுவார் என்பது நினைவுக்கு வந்தது. அவருடைய பிள்ளைகள் பள்ளியிலிருந்து கொண்டுவந்த கட்டுரைகளிலும் அவர் அப்படியே செய்தாராம். இது அந்த அம்மா பிறகு சொன்னது. நான் பேசியிருக்க வேண்டியது அதைத்தான்.

உங்கள் தம்பி சொல்வதை நான் தட்டிக்கழிக்க மாட்டேன். கிட்டத்தட்ட அதே வாக்கியத்தை என் வீட்டிலும் கேட்டிருக்கிறேன். இந்தத் தொழிலில் ஒரு நாளின் கனம் என்ன என்பதைச் சொல்ல, தொலைபேசிக்கான பெல்லின் விண்ணப்பமும் அதே துறையில் எலிஷா கிரே என்ற கண்டுபிடிப்பாளர் பின்னால் விண்ணப்பிக்கப்போவதாகக் கொடுத்த முன்னறிவிப்பும் 1876 பிப்ரவரி 14 என்ற ஒரே நாளில் வாஷிங்டன் காப்புரிமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்ததையும், எது முன்னால் போனது என்ற சர்ச்சை இன்றும் முழுமையாக ஓயாததையும் எங்களுக்குப் பாடமாகச் சொல்வார்கள். இன்றைய சட்டம் பெரும்பாலும் எங்கும் முதலில் தாக்கல் செய்தவரையே பார்க்கிறது. கட்சிக்காரர்கள் கடைசி வாரத்தில்தான் தாள்களோடு வருவார்கள். அந்த வாரங்களில் உங்கள் அப்பா உங்களோடு அமர்ந்து சாப்பிட்டிருப்பார், கேட்டதற்கெல்லாம் தலையாட்டியிருப்பார், மனம் மட்டும் மூன்றாவது கோரலின் இரண்டாவது வரியில் நின்றிருக்கும். அப்படி ஒருவரோடு வளர்ந்த பிள்ளை 'இருந்தும் இல்லாதவர்' என்று சொன்னால் அது அவதூறு ஆகாது. நேரில் கண்டவன் சொல்லும் சாட்சியம் அது.

ஆகவே ஆய்வாளரின் ஆட்சேபத்துக்கு நாங்கள் பதில் எழுதுவதுபோலவே தம்பிக்கும் பதில் எழுதுங்கள் என்பேன். ஆட்சேபம் வந்தால் எங்களுக்குக் கோபம் வருவதில்லை, பெரும்பாலான விண்ணப்பங்களுக்கு முதலில் வருவதே அதுதான். அதில் உண்மை எவ்வளவு என்று பார்த்து, அந்த அளவுக்குக் கோரலைக் குறுக்கி, மிச்சத்தை விட்டுக்கொடுக்காமல் நிற்போம். 'குடும்பமே உலகமென வாழ்ந்தவர்' என்பதைத் தம்பி ஏற்க மாட்டார், ஏற்கவும் வேண்டியதில்லை. அவர் இல்லாமல் போன ஒரு நாளைத் தேதியோடு சொல்லச் சொல்லுங்கள். பிறகு அந்தத் தேதிக்குரிய நாட்குறிப்பைத் திறந்து பாருங்கள். அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாது. தம்பிக்கு ஆதரவாகவே இருந்தாலும் அதை அப்படியே எழுதுங்கள்.

அந்தச் சிவப்பு மையைப் பற்றி மட்டும், வீட்டாருக்குத் தெரியாத ஒன்றை நான் சொல்ல முடியும். நான் பயின்ற அலுவலகத்தில் தேதிகளை இரண்டு நிறங்களில் எழுதுவோம். நீட்டிக்கொள்ளக்கூடிய தேதிகள் நீலத்தில் இருக்கும். கட்டணம் கட்டினாலும் மன்னிப்புக் கேட்டாலும் நகராத தேதிகள் சிவப்பில் இருக்கும். சிவப்புத் தேதி ஒவ்வொன்றுக்கும் முன்னெச்சரிக்கையாக ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் மறுபடி குறித்துவைப்பது கட்டாயம். உங்கள் அப்பாவின் அலுவலகத்திலும் இதே வழக்கம் இருந்ததா என்பதை அவருடைய சகாக்களிடம் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். நாட்குறிப்புகளில் கட்சிக்காரர்களின் எல்லாத் தேதிகளும் சிவப்பில் இருக்கின்றனவா, சில நீலத்தில் இருக்கின்றனவா என்று நீங்களே பார்த்தாலும் தெரிந்துவிடும். நான் நினைப்பது சரியாக இருந்தால், உங்கள் தேர்வையும் தம்பியின் தடுப்பூசியையும் அம்மாவின் கண் பரிசோதனையையும் அவர் நகர்த்த முடியாத தேதிகளின் வரிசையில் வைத்திருந்தார். இதற்கு மேல் பாசம், பரிவு என்ற சொற்களைக் கட்டுரையில் சேர்க்காமல், நிறங்களின் பொருளை ஒரு வரியில் விளக்கிவிட்டுப் பதிவுகளை அப்படியே, ஆண்டு வாரியாக, எழுதிவிடுங்கள். தம்பியிடமும் அந்தப் பக்கத்தை முதலில் காட்டுங்கள். கையெழுத்திடுவதும் மறுப்பதும் அவர் விருப்பம்.

நீளம் எவ்வளவு இருக்கலாம் என்று மலர்க்குழுவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டங்கள், பதவிகள், பிறந்த ஆண்டு போன்றவற்றை அவர்களே தனிப் பெட்டியில் போட்டுக்கொள்வார்கள். உங்கள் இடத்தை அதற்குச் செலவிட வேண்டாம். அச்சுக்குப் போகும் முன், நீங்கள் பேசிய கண்டுபிடிப்பாளரிடம் அவரைப் பற்றிய பத்தியை மட்டும் அனுப்பி ஒப்புதல் வாங்குங்கள்.

கடைசியாக அந்தப் பதினோரு வரிக் கடிதம். உரிமைக் கோரல் எவ்வளவு நீளமானாலும் ஒரே வாக்கியமாகத்தான் இருக்க வேண்டும் என்பது பல நாடுகளில் எங்கள் தொழிலின் மரபு. 'நான் கோருவது யாதெனில்' என்று தொடங்கும் வாக்கியத்தின் முடிவாகவே ஒவ்வொரு கோரலும் அமைவதால், அரைப்புள்ளிகளில் மூச்சுவிட்டுக்கொண்டு ஒரு பக்கம் வரைகூட அது ஓடும்; முற்றுப்புள்ளி ஒன்றே ஒன்று, கடைசியில் வரும். முப்பத்து நான்கு ஆண்டுகள் அப்படி எழுதிய கை மகளுக்கு எழுதும்போதும் அதே போக்கில் போயிருக்கிறது. எதையும் விட்டுவிடக் கூடாது என்று நினைத்த இடத்தில் அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. அதைக் கட்டாயம் சேருங்கள், முழுமையாகச் சேருங்கள். ஆனால் மலரின் மெய்ப்புத் திருத்துநரிடம் முன்கூட்டியே சொல்லி, ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதிவையுங்கள். இல்லையென்றால் அவர் நல்லெண்ணத்தோடு அதை நான்கு வாக்கியங்களாக உடைத்துவிடுவார்.